சுவரில் எழுதிய சுற்றுக்கணக்கு

என் கையெழுத்தை நானே அடையாளம் கண்டுகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. என் காப்புரிமை விண்ணப்பத்தின்மேல் கம்பெனிக்காரர்கள் கொடுத்திருந்த எதிர்ப்பு மனுவின் கடைசிப் பக்கங்களில் ஒரு புகைப்படம் இருந்தது. சுண்ணாம்பு அடித்த சுவர். அதில் நீலப் பெயிண்டில் நான்கு எண்கள், கீழே கம்பியின் தடிமனைச் சொல்லும் கேஜ், அதற்கும் கீழே மாதமும் வருஷமும். எட்டு என்ற எண்ணை ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வட்டம் வைத்து எழுதுவது என் வழக்கம். அதற்காகப் பள்ளிக்கூடத்தில் அடிகூட வாங்கியிருக்கிறேன். அந்த எட்டைப் பார்த்ததும் சந்தேகமே இல்லை, எழுதியது நான்தான்.

சுவருக்குப் பக்கத்தில், அந்தச் சுவர் இருக்கும் சாமை மில்லைப் பார்த்துக்கொள்கிற மில்காரர் நின்றிருந்தார். கல்யாணத்துக்குக் கிளம்பியவர் மாதிரி வெள்ளைச் சட்டை, தலையை வழித்துச் சீவி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒரு நிற்பு. அடுத்த பக்கத்தில் அவருடைய வாக்குமூலம். கீழே கையொப்பம், நோட்டரி முத்திரை எல்லாம் இருந்தன.

"ஏனுங்க, இங்க வந்து இந்த அநியாயத்தைப் பாருங்க" என்று நான் போட்ட சத்தத்தில் என் வீட்டுக்காரர் லேத்தை நிறுத்திவிட்டு ஓடி வந்தார். கையில் ஏதோ அடிபட்டுவிட்டது என்று நினைத்தாராம். கையில் பட்டிருந்தால்கூட அப்படிக் கத்தியிருக்க மாட்டேன்.

எங்கள் கடை மலையடிவாரத்துப் பேளுக்குறிச்சியில், சந்தைத் திடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. எரிந்துபோன மோட்டார்களைச் சரிசெய்யும் கடை. அவர் பேரிங், ஷாஃப்ட் வேலைகளைப் பார்ப்பார். காயில் கட்டுவது நான். மோட்டாரின் உள்வட்டத்தில் காடி எனப்படும் பள்ளங்களில் தாமிரக் கம்பியை எண்ணி எண்ணிச் சுற்றி இறக்குகிற வேலை அது. இருபது வருஷமாக இதைத்தான் செய்கிறேன். இன்றைக்கும் கடைக்கு வருகிறவர்கள் என் தலைக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்து, "மெக்கானிக் இல்லீங்களா?" என்றுதான் கேட்பார்கள். கம்பியும் கையுமாக உட்கார்ந்திருக்கிறவள் அவர்கள் கண்ணுக்குத் தெரியமாட்டாள். வந்த கோபத்தில் ஒருமுறை, "மெக்கானிக் செத்துப்போயிட்டாருங்க, என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டேன். உள்ளே இருந்த மனுஷன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

மலையிலிருந்து எங்களிடம் வரும் மோட்டார்களில் பெரும்பாலானவை ஒரே காரணத்தால் எரிந்தவை. சாயங்காலம் வீடுகளில் எல்லாம் விளக்குப் போட்டதும் லைனில் வோல்டேஜ் இறங்கிவிடும். அப்போது சுவிட்சைப் போட்டால் மோட்டார் வேகம் பிடிக்காது. பாதி வேகத்திலேயே நின்று முனகும். முனகிக்கொண்டே சூடேறும், பிறகு காயில் கருகிவிடும். கருகிய வார்னிஷ் வாசனையை வைத்தே எத்தனை நிமிஷம் முனகியது என்று என்னால் சொல்லிவிட முடியும்.

மலையூர்களின் தொகுப்பான வாழவந்தி நாட்டில் ஒரு ஊரின் பொது சாமை மில்லுக்கு நான் காயில் கட்டிக் கொடுத்தது இதற்காக அல்ல, சத்தத்துக்காக. மில்லும் பள்ளிக்கூடமும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொண்டு நிற்பவை. சாமை உடைக்கும் மோட்டார் ஓடினால் டீச்சர் சொல்வது பிள்ளைகளுக்குக் கேட்காது. டீச்சர் வந்து சண்டை போட, பகலில் மில்லை ஓட்டக்கூடாது என்று ஊரில் பேசி முடித்துவிட்டார்கள். சாயங்காலம் ஓட்டினால் வோல்டேஜ் இல்லை. மில்லைப் பார்த்துக்கொண்டவர் மோட்டாரைத் தானே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு கீழே வந்தார். மற்றவர்களைப் போல என் தலைக்கு மேலே பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

"அம்மிணி, இது கத்துற கத்துல டீச்சரம்மா என்னையத் தின்னுருவாங்க. சத்தத்தை மட்டும் கொறைச்சுக் குடு கண்ணு."

எல்லாக் காயிலுக்கும் ஒரே அளவு சுற்றுப் போடுவதுதான் நான் பழகிய வேலை. அந்த மோட்டாரில் அதை மாற்றினேன். பெரிய காயிலில் சுற்றைக் கூட்டி, உள்ளே போகப் போகக் குறைத்து, ஒரு காடியில் மட்டும் மோட்டாரை ஓட்டுகிற காயிலையும் அதை முதலில் கிளப்பிவிடுகிற காயிலையும் சேர்த்து இறக்கினேன். படிப்பெல்லாம் இல்லை. கை சொன்னதைக் கேட்டேன், மூன்று தடவை பிரித்துக் கட்டினேன். நான்காவது தடவை மோட்டார் ஓடுகிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

நானே மலைக்குப் போய் அதை மாட்டிக் கொடுத்தேன். அன்றைக்கு அவர் பெயிண்ட் டப்பாவைக் கையில் கொடுத்தார். மலையில் எந்த மோட்டார் கொட்டகைக்குள் போனாலும் சுவரில் சுற்றுக்கணக்கு எழுதியிருக்கும். மோட்டார் எரிந்தால், யார் கீழே போகிறார்களோ அவர்கள்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். அவர்களுக்கு எந்தக் கடை வாய்க்கிறதோ அந்தக் கடையில் கொடுப்பார்கள். அவசரக் கடைக்காரன் எண்ணாமல் ஏதோ ஒரு கணக்கில் கட்டி அனுப்பிவிடுவான். அதனால் முதலில் கட்டியவர் கணக்கைச் சுவரில் எழுதிவிட வேண்டும். எழுதாமல் போகிறவனை அடுத்த தடவை நம்ப மாட்டார்கள். நான்கு எண்களையும் ஊரே பார்க்க, பெரிதாக எழுதினேன். கடைசி எண்ணை எழுதி முடித்தபோது டீச்சர் வந்து எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அந்த மோட்டார் என் கடைக்கு வரவே இல்லை. குண்டனி நாட்டிலிருந்து வரும், பக்கத்து ஊர்களிலிருந்து வரும், ஒவ்வொரு அறுவடைக்கும் கருகிக் கருகி வரும். இது மட்டும் வரவில்லை. வேறு கடைக்குக் கொடுக்கிறாரோ என்று எனக்கு ஒரே எரிச்சல். சந்தையில் அவரைப் பார்த்தபோது பிடித்துக்கொண்டேன்.

"ஏனுங்கண்ணா, என் கை பிடிக்காமப் போயிருச்சுங்களா?"

"எரிஞ்சாத்தானே கொண்டாருவேன்? லைட்டு மினுக்கு மினுக்குங்குது, அப்பவும் அது பாட்டுக்குக் கெளம்பிப் போவுது அம்மிணி."

மறுநாளே மீட்டரை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். மற்ற மோட்டார்கள் முனகிச் சாகிற வோல்டேஜில் இது உள்ளே கொட்டிய சாமையின் சுமையோடே கிளம்பியது. ஏன் என்று தெரியவில்லை. அந்த ஏன் என்பதற்கே மூன்று வருஷம் போயிற்று. கடையில் பழைய மோட்டார்களை வாங்கிப் போட்டு, சுற்றைக் கூட்டியும் குறைத்தும், காடியை மாற்றியும் கட்டிக் கட்டிப் பார்த்தேன். மோட்டாரைக் கத்த வைப்பது எதுவோ, அதேதான் அதைப் பாதி வேகத்தில் பிடித்து நிறுத்துகிறது என்று கடைசியில் புரிந்தது. சத்தத்தைக் கொன்றபோது, தெரியாமலே அதையும் கொன்றிருக்கிறேன். எத்தனையோ கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், எல்லாவற்றிலும் நன்றாக நின்றது மலையில் போட்ட முதல் கணக்குதான். அப்போது அதில் எனக்கு ஒரே கர்வம்.

காப்புரிமை வாங்கலாம் என்று சொன்னது என் வீட்டுக்காரர். கோயம்புத்தூரில் அதற்கென்று ஒரு ஏஜென்ட் அம்மா கிடைத்தார். அவர் எடுத்துச் சொன்னதில் ஒன்றுதான் என் மனதில் தங்கியது.

"கிடைச்சுட்டா, எவ்வளவு பெரிய கம்பெனியா இருந்தாலும் இப்படி ஒரு மோட்டார் பண்ணணும்னா உங்களைக் கேட்டுத்தான் பண்ணணும்."

என்னைக் கேட்க வேண்டும். மெக்கானிக் இல்லீங்களா என்று கேட்க முடியாது. பணம் வரும், வராமல் போகும், அது வேறு. ஒரு காகிதத்தில் என் பெயர் இருக்கும், இதைச் செய்தவள் இவள் என்று அதில் எழுதியிருக்கும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. இப்படி ஆசைப்பட்டதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் அந்த அம்மா ஒரு கேள்வி கேட்டார். "இதை இதுக்கு முன்னாடி யாருக்காவது குடுத்திருக்கீங்களா, காட்டியிருக்கீங்களா?"

"இல்லீங்க" என்றேன். சத்தியமாகப் பொய் சொல்லவில்லை. மலையில் கொடுத்தது சத்தம் வராத மோட்டார். இது குறைந்த வோல்டேஜில் கிளம்புகிற மோட்டார். அப்படித்தான் என் மண்டைக்குள் இரண்டும் தனித்தனியாக உட்கார்ந்திருந்தன.

முதலில் காப்புரிமை அலுவலகத்திலிருந்து ஒரு ஆட்சேபம் வந்தது. சுற்றைக் கூட்டிக் குறைத்துப் போடுவது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது என்றார்கள். இரண்டு காயிலையும் ஒரே காடியில் இறக்குவது எந்தப் புத்தகத்திலும் இல்லை என்று ஏஜென்ட் அம்மா பதில் எழுதினார். எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான், மோட்டார் பம்பு செய்கிற ஒரு பெரிய கம்பெனியின் எதிர்ப்பு மனு வந்தது. எங்கள் விண்ணப்பம் வெளியானதும் ஆளை அனுப்பி மலையைச் சலித்திருக்கிறார்கள்.

மில்காரரின் வாக்குமூலத்தை ஏஜென்ட் அம்மா போனில் படித்துக் காட்டினார். இந்த மோட்டார் இத்தனை வருஷமாக எங்கள் ஊர் மில்லில் ஓடுகிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், கணக்கு சுவரில் இருக்கிறது, வோல்டேஜ் இறங்கினாலும் கிளம்பும். அடுத்த வரி இப்படி இருந்தது: "இதைக் கட்டியது பேளுக்குறிச்சிக் கடைக்கார அம்மாதான். அவர் வீட்டுக்காரர் பேரிங் மட்டும் போட்டார்."

அந்த நேரத்திலும் என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. யாரிடம் நீட்டி முழக்கியிருக்கிறார் பார் இந்த மனுஷன் என்று பல்லைக் கடித்தேன். அப்போதே மலையேறிப் போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். விசாரணை முடிகிறவரை சாட்சியைப் போய்ப் பார்க்கக் கூடாது என்று ஏஜென்ட் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

விசாரணை வீடியோவில் நடந்தது. வாய்த்த நாள் சந்தை நாள். ஷட்டரை இறக்கிவிட்டும் வெளியே மிளகு ஏலம் போடுகிற சத்தம் உள்ளே வந்தது. கம்பி சுற்றுகிற ஸ்டாண்டில் செல்போனைச் சாய்த்து வைத்துவிட்டு, நல்ல புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதிகாரி மரியாதையான மனிதர். கம்பெனி வக்கீலும் ஏஜென்ட் அம்மாவும் ஆங்கிலத்தில் முக்கால் மணி நேரம் மோதிக்கொண்ட பிறகு, அவர் என்னைத் தமிழிலேயே கேட்டார்.

"அம்மா, நீங்க அன்னைக்கு அந்த ஊருக்குக் குடுத்த மோட்டாரும், இப்ப விண்ணப்பம் போட்டிருக்கிற மோட்டாரும் வேற வேறயா?"

"வேறைங்க. அது சத்தம் வராத மோட்டாருங்க. இது லோ வோல்டேஜுல கெளம்பற மோட்டாருங்க. அதைக் கட்டுனப்ப இந்தக் குணம் எனக்கே தெரியாதுங்க."

"புரியுது. சுத்துக்கணக்கு?"

"கணக்கு அதேதானுங்க."

"அந்தச் சுவர்ல இருக்கிற கணக்கை மட்டும் பார்த்துட்டு, உங்களைத் தெரியாத ஒருத்தர் எங்கேயோ கட்டுறார்னு வைங்க. அந்த மோட்டார் குறைஞ்ச வோல்டேஜ்ல கிளம்புமா?"

"ஏனுங்க கெளம்பாது?" என்றேன். குரல் தானாக உயர்ந்துவிட்டது. "நான் போட்ட கணக்குங்க அது. எவன் கட்டினாலும் கெளம்புமுங்க."

சின்னச் சதுரத்துக்குள் இருந்த ஏஜென்ட் அம்மா கண்ணை மூடிக்கொண்டார். கம்பெனி வக்கீல் எதையோ எழுதிக்கொண்டார். என்ன சொல்லிவிட்டேன் என்று அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. நன்றாகப் பதில் சொன்னேன் என்றே நினைத்தேன்.

சில வாரங்கள் கழித்து உத்தரவு வந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஏஜென்ட் அம்மா பொறுமையாக விளக்கினார்.

"நீங்க கண்டுபிடிச்சது அந்த மோட்டாரோட உள்ளார்ந்த பண்பு. முதல் நாள்லேருந்தே அது அதுக்குள்ள இருந்திருக்கு. யாருக்கும் தெரியலைங்கிறதால அது இல்லாம இருந்ததா ஆகாது. பொருள் ஏற்கெனவே வெளியில வந்துடுச்சு. அதோட குணத்தை அப்புறமா கவனிச்சா, அதைப் புதுசுன்னு சட்டம் எடுத்துக்காது."

"அப்ப மூணு வருசமா நான் என்னதானுங்க பண்ணுனேன்?"

"தெரிஞ்சுக்கிட்டீங்க."

"தெரிஞ்சுக்கிட்டதுக்கு ஒண்ணுமே இல்லீங்களா?"

"உங்களை முந்திக்கிட்டது வேற யாரும் இல்லை. நீங்களேதான்" என்றார்.

திருடனிடம் தோற்றிருந்தால் திட்டலாம். என்னிடமே தோற்றுப்போனதற்கு யாரைத் திட்டுவது? ஆனாலும் யாரையாவது திட்டியாக வேண்டும் போலிருந்தது. மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே ஏறினேன். வளைவுகள் முழுக்க மில்காரரைக் கேட்கப்போகும் கேள்விகளை அடுக்கிக்கொண்டே போனேன். கேட்டால் வாழ்நாள் முழுக்க அந்த மனுஷன் தலைநிமிரக் கூடாது என்று அவ்வளவு ஆத்திரம்.

பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்கிற சத்தம் தெளிவாகக் கேட்டது. இந்தப் பக்கம் மில் ஓடிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"வா அம்மிணி! கவர்மென்ட்டு காயிதம் வந்துருச்சா? அவிங்க வந்து கேட்டப்பவே நெனைச்சேன், உனக்கு நல்ல காலந்தான்னு."

"எதுக்குங்கண்ணா கையெழுத்துப் போட்டீங்க?" என்றேன்.

"பின்ன? இதை ஆரு பண்ணுனாங்கன்னு கேட்டாங்க. உன்ற பேரைச் சொல்லாம வேற ஆரு பேரைச் சொல்லுவேன்? எப்பத்துலேருந்து ஓடுதுன்னாங்க. அவிங்க கம்பெனி நெனைக்கறதுக்கு முன்னாலயே இங்க ஓடுதுன்னு போட்டு ஒடைச்சுட்டேன். நல்லாக் கணீர்னு சொன்னேன் அம்மிணி, நோட்டரிக்காரரே பாத்தாரு."

இந்த மனுஷன் எனக்காகச் சாட்சி சொல்லியிருக்கிறார். எனக்கு எதிராக என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது எனக்காக.

அடுக்கி வைத்திருந்த கேள்விகள் எதுவும் வாயில் வரவில்லை. நடந்ததை மட்டும் சொன்னேன். காப்புரிமை கிடைக்காது. முன்னாலேயே வெளியில் வந்த பொருளுக்குக் கொடுக்க மாட்டார்கள். பழையது என்று யாராவது நிரூபித்துவிட்டால் போயிற்று.

அவருக்குப் புரியவில்லை. "பழசுன்னாத்தானே அம்மிணி நம்முளுது? காட்டை ஆரு மொதல்ல திருத்துனாங்களோ அவிங்களுக்குத்தானே காடு? மொதல்ல நீதான்னு சொன்னா எப்படி உனக்கு இல்லாமப் போவும்?"

"இதுல அப்படித்தானுங்கண்ணா. நான் மொதல்ல பேப்பர்ல எழுதிட்டு அப்பறம் செவுத்துல எழுதியிருக்கோணும்."

அவர் மெல்லத் திரும்பிச் சுவரைப் பார்த்தார். சிரிப்பு போய்விட்டது. சாமை மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப என்ற வாயாலயே கெடுத்துப்போட்டேனா?"

ஆமாம் என்று சொல்லத்தான் அவ்வளவு தூரம் வந்திருந்தேன். ஆனால் இதே மோட்டாரைப் பற்றி அதிகாரி என்னிடம் கேட்டபோது நான் என்ன செய்தேன்? குரலை உயர்த்தி, எவன் கட்டினாலும் கிளம்பும் என்று பெருமையடித்தேன். அவரும் நானும் செய்தது ஒரே காரியம்தான்.

"என்ற வாயாலயுந்தானுங்கண்ணா" என்றேன்.

அவர் ஒரு முடிவுக்கு வந்தவர் போல எழுந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அம்மிணி, நான் ஒண்ணு சொல்றேன். இனிமேட்டு எவன் வந்து கேட்டாலும் சரி, இதை ஆரு பண்ணுனாங்கன்னே எனக்குத் தெரியாதுன்னு சொல்லிப்போடறேன். கடையிலிருந்து வாங்குனேன், உன்னையப் பாத்ததே இல்லைன்னு சொல்லிப்போடறேன். அப்ப உனக்கு ஒண்ணும் கெடுதல் வராதில்ல?"

உத்தரவு வந்தபோது நான் அழவில்லை. அங்கே, அந்த மில்லில் நின்று அழுதேன். அவர் பதறிப்போய்த் துண்டை நீட்டினார். அதில் ஒரே தவிடு.

"வேண்டாங்கண்ணா" என்றேன். "கேக்கறவங்ககிட்டயெல்லாம் நான்தான் பண்ணுனேன்னே சொல்லுங்க. நீங்க கையெழுத்துப் போட்ட காயிதத்தை உட்டா, வேற எந்தக் காயிதத்துலயும் அது எழுதியில்லீங்க."